ஏதும் இருந்தால் பிள்ளை சொல்லும்

என் லாபில் என்னை யாரும் அன்ரி என்று கூப்பிடக்கூடாது. இது நான் வைத்த சட்டம். தமிழ்ப் பிள்ளை ஒன்று புரொஜெக்ற் செய்ய வந்தால் முதல் நாளே சொல்லிவிடுவேன். அன்ரி என்று தொடங்கினால் பிறகு பிறந்தநாளுக்குக் கூப்பிடும், சாமத்தியவீட்டுக்குக் கூப்பிடும், கடைசியில் ஆய்வறிக்கையைப் பிந்தித் தந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். எனக்கு அது சரிவராது. கமலாம்பிகை என்ற பெயரை இங்குள்ள வெள்ளையர்கள் கமலா என்று வெட்டிவிட்டார்கள். நீயும் அப்படியே கூப்பிடு என்பேன்.

பெனிற்றாவுக்கு அதுவும் வாயில் வரவில்லை. தாயைவிட மூத்த பொம்பிளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவளை வளர்த்த விதம் விடவில்லை. அதனால் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவாள். நான் திரும்பினால் "அது வந்து..." என்று தொடங்குவாள். இலண்டன் சட்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை, மாஸ்ரர்ஸ் படிக்கிறவள், அதற்குள் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடக் கூச்சம்.

வருடாவருடம் கோடை தொடங்க எங்கள் பல்கலைக்கழகம் என் தலையில் மாணவர்களைக் கட்டிவிடும். பேராசிரியர் ஹியூவின் பெயரில் ஆய்வு, பழக்குவது நான். பெரும்பாலும் எரிச்சல்தான். கையுறையோடு போனைத் தடவுகிற பிள்ளைகள், கணக்கைக் கூட்டாமல் மருந்தை ஊற்றுகிற பிள்ளைகள். பெனிற்றா அப்படி இல்லை. கை சுத்தம், கவனம். ஒரேயொரு குறை, ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பாள். நான் தலையசைத்தால்தான் பொத்தானை அழுத்துவாள். "என்னை என்னத்துக்கடி பாக்கிறாய், ரியூப்பைப் பார்" என்று ஏசுவேன். அடுத்த முறையும் பார்ப்பாள். சத்தியமாக, அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

அவளுடைய ஆய்வு பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆஸ்துமா உள்ள எங்கள் பக்கத்து, அதாவது தெற்காசிய, ஆட்களின் வெள்ளணுக்களை, சுகமாக இருக்கிற எங்கள் பக்கத்து ஆட்களின் வெள்ளணுக்களோடு ஒப்பிட வேண்டும். நோயாளிகள் கிடைத்துவிட்டார்கள். சுகமானவர்கள்தான் கிடைக்கவில்லை. சுகமாக இருக்கிற மனிதன் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி குத்துவான்?

"அது வந்து... எங்கடை சேர்ச்சிலை கேட்டுப் பாக்கட்டே?" என்றாள் ஒருநாள். "தமிழ் மாஸ் முடிய எல்லாரும் ஹோலிலை நிப்பினம். அப்பா சொன்னா வருவினம்."

அப்பா சொன்னார், வந்தார்கள். அவளுடைய அப்பா கிறிஸ்துநாயகம் பிரான்சில் வயரிங் வேலை பழகி, பிறகு இங்கே வந்து சட்டனில் பாதித் தமிழ் வீடுகளுக்கு மின்சாரம் இழுத்துக் கொடுத்த மனுசன். ஞாயிறு பூசை முடிந்ததும் ஹோல் வாசலில் நின்று, "வாங்கோ, வாங்கோ, பிள்ளையின்ரை படிப்புக்கு" என்று ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். முதல் ஆளாகத் தானே சட்டைக் கையை மடித்தார். என்ன ஆய்வு, எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கடை பிள்ளைக்கு என்றால் போதும். கடித்த பற்றிஸ் ஒரு கையில், மற்றக் கையை ஊசிக்கு நீட்டினார்கள்.

இரத்தம் எடுத்தவர் ஆஸ்பத்திரித் தாதி பியோனா. பெனிற்றா பக்கத்தில் நின்று தமிழில் விளக்கினாள். நான் ஹோலின் மற்ற மூலையில் ரியூப்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு நின்றேன். விமானநிலையச் சீருடை ஜக்கெற்றோடு வந்த ஒருவர் ஊசி கையில் இருக்கும்போதே தூங்கிவிட்டார். பியோனா தட்டி எழுப்ப ஹோலே சிரித்தது. என்னைத் தாண்டிப் போகும்போது, "ஷிப்ட் முடிச்சு நேரை வாறன் தங்கச்சி. பிள்ளைக்கு டொக்டர் பட்டம் கிடைக்க வேணும்" என்றார். இது மாஸ்ரர்ஸ்தான் அண்ணை என்றேன். "அதுக்கென்ன, அதுவும் வரும்" என்று சொல்லிக்கொண்டு போனார். பெயர் அருளப்பு என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஊசி குத்த முதல் பியோனா எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உங்கள் இரத்தத்தில் கெட்டது ஏதாவது கண்டால் உங்கள் டொக்டருக்கும் உங்களுக்கும் எழுதலாமா? பெனிற்றா தமிழில் கேட்டாள். ஒருவர் விடாமல் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். கிறிஸ்துநாயகம் பின்னால் நின்று, "கடிதம் கிடிதம் ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்று வரிசைக்கே பாடம் எடுத்தார்.

திரும்பி வரும்போது பியோனா காரில் கேட்டார், இவ்வளவு பேரில் ஒருவருக்காவது தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள விருப்பம் இல்லையா என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அகதி வழக்கில் ஹோம் ஒபீஸ் கடிதத்துக்குப் பயந்து வருடக்கணக்காய்க் கதவடியில் நின்ற சனம் இது. பழுப்பு உறை விழுந்தால் இன்றைக்கும் நெஞ்சு இடிக்கும். அரசாங்கம் உனக்கு எழுதட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பதுதான் இவர்களுக்குத் தெரிந்த பதில். இதைச் சொன்னேன். "அப்படியென்றால் அவர்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் பியோனா. நானும் ஓம் என்றேன்.

அந்தக் கிழமையே இரத்தத்தை மெஷினில் ஓடவிட்டோம். ஒவ்வொரு உயிரணுவையும் லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் ஒற்றை வரிசையில் ஓடவைத்து, திரையில் ஒவ்வொரு புள்ளியாகக் காட்டும் மெஷின் அது. சுகமானவரின் இரத்தம் என்றால் புள்ளிகள் அங்கங்கே தங்கள் தங்கள் இடத்தில் கூடி நிற்கும். பெயர் எங்களுக்குத் தெரியாது. ரியூப்பில் ஒரு இலக்கமும், ஆணா பெண்ணா என்பதும், வயதும் மட்டும்.

பின்னால் தொண்டை செருமும் சத்தம் கேட்டது.

"அது வந்து... இது பிழைச்சுப் போச்சுப் போலை. இதை விட்டுட்டு மற்றதுகளைப் போடட்டே?"

திரையைப் பார்த்தேன். ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில் புள்ளிகள் கறுப்பாய் அப்பிக் கிடந்தன. எலும்பு மச்சைக்குள் கிடந்து முதிர வேண்டிய குழந்தை அணுக்கள் வெளியே இரத்தத்தில் ஓடித் திரிந்தன. மிச்ச இரத்தத்தை எடுத்து நானே திரும்பச் செய்தேன். அதே புள்ளிகள், அதே இடத்தில்.

"பிழை இல்லை" என்றேன். "இது இரத்தப் புற்றுநோய். கெதியாய்ப் பரவுற வகை."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். ரியூப்பை எடுத்துப் பார்த்தோம். ஆண். ஐம்பத்தேழு.

"என்ரை அப்பாக்கும் ஐம்பத்தேழு" என்றாள் பெனிற்றா. "அந்த ஹோலிலை நிண்ட ஆம்பிளையள் முக்கால்வாசிப் பேருக்கும் அந்த வயசுதான். எல்லாரும் ஒரே செற்."

நான் நேரே ஹியூவின் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. திரையைப் பார்த்து முகம் சுருங்கினார். ஆனால் ஆள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அந்தச் சொல்லை மீற எங்களுக்கு உரிமை இல்லை என்றார். எந்த இலக்கம் யாருடையது என்பது ஆஸ்பத்திரியில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்க நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். குழு அடுத்த மாதம்தான் கூடும். "அடுத்த மாதம் வரைக்கும் இந்த மனுசன் காத்திருப்பானா?" என்று கேட்டேன். என் குரல் வெளியே கேட்டிருக்கும். ஹியூ கதவைச் சாத்திவிட்டு, விண்ணப்பத்தை எழுது, நான் இன்றைக்கே ஒப்பமிடுகிறேன் என்றார். எழுதினேன். அனுப்பினோம். பிறகு பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெனிற்றாவைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துச் சொன்னேன். "நீ சேர்ச்சிலை ஒருத்தருக்கும் வாய் திறக்கக்கூடாது. திறந்தா உன்ரை படிப்பை நிப்பாட்டிப் போடுவாங்கள். அதோடை சனம் பயந்து சாகும். விளங்குதோ?"

தலையாட்டினாள். ஆனால் அடுத்த நாளே தகப்பனை இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போய்விட்டாள். களைப்பாய் இருக்கிறார், இரத்தம் பாருங்கள் என்று நின்றிருக்கிறாள். நான் தெரியாததுபோல் இருந்துவிட்டேன். பெற்ற தகப்பன், வேறு என்ன செய்வாள்?

சில நாளில் சிரித்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸ். அம்மா தந்துவிட்டவ என்று லாப் முழுக்கக் கொடுத்தாள். தகப்பனின் இரத்தம் சுத்தம். அன்றைக்கு அவள் வேலை செய்யும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. தானாகவே எல்லாம் செய்தாள், சரியாகவும் செய்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன்ரை அப்பா தப்பிட்டார். மற்ற ஆக்கள்?"

"நீங்கள்தானே சொல்லக்கூடாது எண்டனீங்கள்."

சொன்னது நான்தான். அவளுடைய வரைபடத்தில் எழுத்து சின்னனாய் இருக்கிறது என்று கத்தினேன். அவள் பெரிசாக்கிக் கொண்டு வந்தாள்.

பிறகு எனக்கு ஒரு வழி தட்டுப்பட்டது. ஆளுக்குச் சொல்லக் கூடாது, சரி. ஊருக்குச் சொல்லலாம்தானே? பாதரிடம் சொல்லி, எந்தக் காரணமும் காட்டாமல், ஐம்பது தாண்டிய ஆண்கள் எல்லோரும் ஒருமுறை இரத்தம் பாருங்கள் என்று பூசையில் ஒரு பொது அறிவித்தல். ஹியூவும் அதில் பிழையில்லை என்றார். பெனிற்றா போய்ப் பாதரைக் கண்டாள்.

அந்த ஞாயிறு நானும் போனேன். நான் விம்பிள்டன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவள், பூசையில் எப்போது எழும்புவது எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாது. கடைசி வாங்கில் இருந்து ஆம்பிளைகளின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் ஒரு முதுகு. எது? பூசை முடிய, வோல்சிங்கம் யாத்திரை பஸ் அறிவித்தலுக்கும் மறைக்கல்வி வகுப்பு அறிவித்தலுக்கும் நடுவில் பாதர் வாசித்தார். களைப்பு இருந்தால், அடிபடாமல் உடம்பில் கண்டல் இருந்தால், பல்முரசில் இரத்தம் கசிந்தால், உடனே டொக்டரிடம் போங்கள். நான் சொல்லிக் கொடுத்த சொல் ஒன்றும் விடவில்லை. ஆனால் இலண்டனில் களைப்பில்லாத தமிழ் ஆம்பிளை எங்கே இருக்கிறான்? அவர் வாசிக்கும்போதே நாலைந்து பேர் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். இரவு வேலை, அதற்குமேல் சனி ஞாயிறு கடை வேலை. பெண்சாதிமார் முழங்கையால் இடித்து எழுப்பினார்கள்.

அதன் பிறகு எனக்கு மனம் கொஞ்சம் ஆறியது. யாராவது ஒருவர் போவார், அந்த ஒருவர் இவராய் இருப்பார் என்று நினைத்தேன். பெனிற்றாவும் விசாரித்துப் பார்த்தாள். சிலர் உண்மையாகவே டொக்டரிடம் போய்வந்திருந்தார்கள். ஒருவருக்குச் சீனி, ஒருவருக்குக் கொழுப்பு. நாங்கள் தேடிய நோய் ஒருவருக்கும் வரவில்லை. குழுவும் கூடவில்லை. கோடை விடுமுறை, போதிய ஆட்கள் இல்லை, அடுத்த அமர்வில் பார்ப்போம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. ஹியூவுக்கு நான் அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஓகஸ்ற் கடைசியில் ஒரு காலை பெனிற்றா லாபுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள். தொண்டையைச் செருமவில்லை.

"அருளப்பு அங்கிள் செத்துப் போனார்" என்றாள். "வேலையிலை விழுந்தவராம். தலைக்குள்ளை ரத்தம் பொசிஞ்சிட்டுதாம். ஆஸ்பத்திரியிலை பாத்தா லுகீமியாவாம். ஒரு நாளும் தாங்கேல்லை."

ஊசி கையில் இருக்கத் தூங்கிய மனுசன், வயது ஐம்பத்தேழு. எனக்கு அந்த ஜக்கெற் கண்ணுக்குள் வந்தது. ஷிப்ட் களைப்பு என்று நானும்தான் சிரித்தேன்.

அடக்கம் முடிந்து, முப்பத்தோராம் நாள் பூசைக்கு முந்தின கிழமை, பெனிற்றா என்னை விமானநிலையத்துக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவில் இருந்த அருளப்பு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தனியப் போக ஏலாது என்றாள். அதற்குள் அவள் அறிக்கையைக் கொடுத்து, பரீட்சைப் புள்ளிகளும் வந்துவிட்டன. மிக நல்ல புள்ளிகள். அந்த ஒரு ரியூப்பை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தாள். அப்படித்தான் விட வேண்டும், நான்தான் சொன்னேன்.

வீட்டு வாசலில் கேட்டாள். "அன்ரி, அவ ஏதும் கேட்டா நான் என்ன சொல்ல?"

அன்ரி என்றதை நான் திருத்தவில்லை. "கேக்கமாட்டா. வா" என்றேன்.

அருளப்புவின் மனைவி றஜீனா கதவைத் திறந்தார். கறுப்புச் சட்டை, வீங்கின கண். என்னை, தனக்கு லாபில் பழக்கினவ என்று பெனிற்றா சொன்னாள். முன்னறையில் அருளப்புவின் படத்துக்குப் பக்கத்தில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு மேலால் பிளேன் போகும்போதெல்லாம் றஜீனா பேச்சை நிறுத்தி, போன பிறகு தொடர்ந்தார். அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் போல.

"சோதினை பாஸோ பிள்ளை?"

"ஓம் அன்ரி."

"அவருக்கு எவ்வளவு சந்தோசமாயிருக்கும். உனக்கு ரத்தம் குடுத்ததை வேலையிடத்திலை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். எங்கடை பிள்ளை ஆராய்ச்சி செய்யுது, என்ரை ரத்தத்திலை எண்டு."

தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். பெனிற்றா கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அவரிலை கோவம்தான் வருது" என்றார் றஜீனா. "கை முழுக்க நீலம் நீலமாய்க் கண்டல். பல்லுத் தீட்டினா ரத்தம். டொக்டரிட்டைப் போங்கோ, போங்கோ எண்டு கெஞ்சினனான். அண்டைக்குப் பாதர் வாசிக்கேக்கையும் இடிச்சுச் சொன்னனான், உங்களுக்குத்தான் வாசிக்கிறார், கேளுங்கோ எண்டு. என்ன சொன்னவர் தெரியுமே? அது மற்ற ஆக்களுக்காம். 'என்ரை ரத்தத்தைத்தான் எங்கடை பிள்ளை பாத்திட்டுதே. ஏதும் இருந்தா பிள்ளை சொல்லும்தானே' எண்டவர்."

ஒரு பிளேன் போனது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஹோலில் வேண்டாம் என்று சொன்னவர்களில் ஒருவரும் தெரிய வேண்டாம் என்று சொல்லவில்லை. கடிதம் வேண்டாம் என்றார்கள். கடிதம் அரசாங்கத்தின் வேலை. பிள்ளை எங்களுடையது, பிள்ளை வாயால் சொல்லும். அதை அவர்கள் கேட்க வேண்டியதாகக்கூட நினைக்கவில்லை. நான் பியோனாவிடம் சிரித்துச் சிரித்து விளக்கியது முழுக்கப் பிழை. பிள்ளையின் வாயை நான் கட்டியதால், பாதரைக் கொண்டு நான் வாசிப்பித்த அறிவித்தல் அந்த ஒரு மனுசனிடம்தான் எடுபடவில்லை.

"ஒண்டு கேக்கட்டே பிள்ளை?" றஜீனா குனிந்து பெனிற்றாவின் கையைப் பிடித்தார். "நித்திரை வருகுதில்லை, அதுதான் கேக்கிறன். அண்டைக்கு அவரின்ரை ரத்தத்திலை ஒண்டும் இருக்கேல்லைத்தானே?"

பெனிற்றா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோடைத் தொடக்கத்தில் பொத்தானை அழுத்த முதல் பார்ப்பாளே, அதே பார்வை.

உண்மையைச் சொன்னால் இந்த மனுசி செத்துப்போகும்வரை இரத்தம் கொடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ளேயே கிடப்பாள். கிறிஸ்துநாயகம் இனி அந்தச் சேர்ச் வாசலில் நிற்க முடியாது. இந்தப் பிள்ளையின் படிப்பு, என் வேலை எல்லாம் போகும். எதை முதலில் நினைத்தேன் என்று கேட்டால், வெட்கமாக இருக்கிறது, கடைசியாய்ச் சொன்னதைத்தான். ஒன்றும் இருக்கவில்லை என்று சொல் என்பதுபோல நான் தலையசைத்தேன்.

"இல்லை அன்ரி" என்றாள் பெனிற்றா. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "ஒண்டும் இருக்கேல்லை."

றஜீனா பெருமூச்சு விட்டார். அவள் கன்னத்தைத் தடவினார்.

"அதுதானே. இருந்திருந்தா எங்கடை பிள்ளை சொல்லாமல் விடுமே?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நல்லாப் பழக்கியிருக்கிறியள் தங்கச்சி."

பிறகு, தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது என்று சொல்லி, எங்கள் கோப்பைகளை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.